அடிபம்பும் மூச்சு வாங்குகிறதே

இலக்கணத்தில் அங்கதத்துக்கு இரண்டு வகை சொல்வார்கள். நேராகத் திட்டினால் செம்பொருள் அங்கதம். புகழ்வதுபோல மறைத்துத் திட்டினால் பழிகரப்பு அங்கதம். பள்ளிக்கூடத்தில் மதிய வெயிலில் பாதித் தூக்கத்தில் படித்தது, இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சேர்மன் தேவைப்பட்டார்.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். பேருக்குப் புரூஃப் திருத்துகிற வேலை. ஆனால் வாழ்த்து மடல், வரவேற்பு மடல், கண்ணீர் அஞ்சலி என்று யார் வந்து கேட்டாலும் வாசகம் எழுதித் தருவது நான்தான். எங்கள் பக்கத்தில் மடல் அடிக்காமல் ஒரு விசேஷம் நடக்காது. வருகிறவர்கள் ஆள் பெயரும் போட்டோவும் கொடுத்துவிட்டு, "நல்லா தூக்கிப் போடுங்க" என்பார்கள். தூக்கிப் போடுவேன். ஒரு கல்யாண மடலில் தாய்மாமன் இமயம், சித்தப்பா சிகரம். பெரியப்பாவுக்கு மலை மிச்சமில்லாமல் கடலாக்கிவிட்டேன். தன்னை ஏன் பள்ளத்தில் போட்டாய் என்று அவர் சண்டைக்கு வந்தார்.

இதுபோக, மெட்ராஸ் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிப் போடுவேன். பெரும்பாலும் மந்திரிகளைப் பற்றி. அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸ் மந்திரியைக் கிண்டல் செய்வது மொட்டை மாடியில் நின்று நிலாவை வைகிற மாதிரி. நிலா இறங்கி வந்து சட்டையைப் பிடிக்காது. எனக்கு அப்போது அது தெரியவில்லை. பெரிய தைரியசாலி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். துணுக்கு வந்த பத்திரிகையைச் சட்டைப் பையிலிருந்து தலை நீட்டும்படி மடித்து வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவேன்.

என் மனைவி சத்துணவு அமைப்பாளர். வேலை பரளச்சிக்கும் அந்தாண்டை, உள்ளே தள்ளி ஓர் ஊரில். பஸ் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கரிசல் காட்டில் நடை. மழை பெய்தால் செருப்பில் அரை ஏக்கர் ஒட்டிக்கொள்ளும். பெய்யாவிட்டால் வெடிப்பில் கால் மாட்டும். எங்கள் முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. மறுபடி தங்கியபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பஸ்ஸில் குலுங்கிப் போகக் கூடாது, அந்த நடையும் கூடாது. வேலையை விட்டுவிடலாம் என்றால், அச்சகச் சம்பளத்தில் இமயம் சிகரமெல்லாம் கட்டுப்படியாகும், அரிசி கட்டுப்படியாகாது. டவுனுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் காலி இருந்தது. பஞ்சாயத்து யூனியன் சேர்மன் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்றார்கள். எந்த யூனியன் என்று கேட்காதீர்கள். அவர் இன்னும் நன்றாக இருக்கிறார். நானும் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் மனுவோடு போனோம். அவர் வீட்டு வாசலில் நின்ற டிராக்டரின் நிழலில் உட்காரச் சொன்னார்கள். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து, கடைசியில் டிராக்டருக்கு மறுபக்கம் வந்து சேர்ந்தோம். மதியம் அவர் வெளியே வந்தார். மனுவை வாங்கினார், மடித்தார், "ஆகட்டும், பாப்போம்" என்றபடி ஜீப்பில் ஏறிவிட்டார். அவள் எழுந்திருக்க முடியாமல் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் கரி. அந்தக் கரியோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அதே வாரம் சேர்மனின் ஆள் அச்சகத்துக்கு வந்தார். என் மனைவி வேலை பார்க்கிற அதே ஊரில் புதுத் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா, ஊர்ப் பொதுமக்கள் சார்பில் வரவேற்பு மடல் வேண்டும், "நல்லா தூக்கிப் போடுங்க." அந்தத் தொட்டியைப் பற்றி அவள் சொல்லியிருந்தாள். நாலு தூண் இருந்தது, தொட்டி இருந்தது, ஏறுகிற குழாயும் இறங்குகிற குழாயும் இருந்தன. தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது மட்டும் முடிவாகவில்லை.

வெற்றிலைக்காரன் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி நிதானமாக எழுதினேன்.

"தங்கள் பாதம் பட்ட கண்மாயில் தண்ணீரும் கால் வைக்க அஞ்சுகிறதே!

தங்கள் கொடையைக் கண்டு வெட்கி, வான்மழையும் வேறு ஊர் போகிறதே!

தாங்கள் போட்ட சாலையில் பஸ்ஸும் பக்தியோடு தலை குனிந்து தவழ்கிறதே!

தங்கள் பேரைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர் அடிபம்பும் மூச்சு வாங்குகிறதே!"

இப்படிப் பன்னிரண்டு 'றதே'. முதலாளி புரூஃபை வாங்கி, போட்டோ நேராக இருக்கிறதா, சேர்மன் என்பது பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். கம்பாசிட்டர் அண்ணன் மட்டும், முன்பு ஒவ்வோர் எழுத்தாக ஈயத்தைக் கோக்கும்போதே, "றதே, றதேன்னு றகரம் பூராத்தையும் தின்னுபுட்டியேப்பா. மத்த வேலைக்கு நான் எங்க போறது?" என்று சடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் விமர்சனம்.

விழாவுக்கு நான் போகவில்லை. அவள் போக வேண்டியிருந்தது. சத்துணவு அமைப்பாளர் ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்காமல் எந்த விழா நடந்திருக்கிறது? பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நிமிராமலே கேட்டாள்.

"அந்த மடலை எழுதுனது நீங்கதான?"

"எந்த மடல?"

"நடிக்காதீக. அடிபம்பு மூச்சு வாங்குதுன்னு உங்ககிட்டச் சொன்னது யாரு? நானு. பஸ்ஸு தவழ்ந்து போகுதுன்னு சொன்னது யாரு? அதுவும் நானு. என் வாயிலருந்து புடுங்கி மைக்குல போட்டுட்டீகளே."

"யாராச்சும் சிரிச்சாகளா?"

"ரெண்டு பொம்பளைக முந்தானைய வாயில வச்சுக்கிட்டாக. மத்த எல்லாரும் கை தட்டுனாக. 'றதே'ன்னு முடிக்க முடிக்க ஒரு தட்டு. அடுத்தவுக மடல் வாசிக்க முடியல." செருப்பை ஓரமாகத் தள்ளினாள். "அந்த ஊருல டவுன்லருந்து வந்து போற ஒரே ஆளு நான்தான். யாரு சொல்லி யாரு எழுதுனதுன்னு கண்டுபிடிக்க அவருக்கு எம்புட்டு நேரம் ஆகும்? பக்கத்துல மாத்தல் கேட்டோம். இனி ராமநாதபுரம் பக்கமே தூக்கி அடிச்சா என்ன செய்வீக?"

அன்றைக்கு மோர்ச்சோற்றைத் தொடாமல் மூடி வைத்தேன். மறுநாளிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அச்சகத்தின் பின்கட்டுக்குப் போய்க் காகிதக் கட்டுகளை எண்ணுவேன். தெருவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். அந்த வெயிலில் எல்லாருமே தலையில் துண்டு போட்டிருந்ததால் ஒளிந்த மாதிரியும் இருந்தது, ஒளியாத மாதிரியும் இருந்தது. மல்லாங்கிணற்றில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று யோசித்தேன். மனைவியை விட்டுவிட்டு நான் மட்டும் தப்பிக்கிற திட்டம் அது என்பது பஸ் ஸ்டாண்டு வரை போன பிறகுதான் உறைத்தது. நிலாவை வைதவனின் வீரம் அவ்வளவுதான்.

ஒரு நாள் ஜீப் சத்தம் நின்றுவிட்டது. அச்சக வாசலில்.

நான் டிரெடில் அச்சு மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியின் குரல் மாவு மாதிரிக் குழைந்து வந்தது. "ஏப்பா, எங்கப்பா இருக்க? சேர்மன் ஐயா உன்னயத்தான் கேக்குறாக."

வெளியே வந்தேன். முழங்காலில் மை.

"நீதான எழுதுனது?" என்றார் சேர்மன்.

"அச்சுப்பிழைங்கய்யா."

"எது?"

"எல்லாமே."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தார். முதலாளியே சிரித்தால் தானும் சிரிக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சேர்மனும் சிரித்தார். "அருமையா எழுதியிருக்கப்பா. கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். உன் சம்சாரந்தான சத்துணவுல இருக்கு? மனு குடுத்தீகள்ல? பண்ணிருவோம். அடுத்த மாசம் டவுன்ல எனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறாக. அதுக்கு ஒரு மடல் போடு."

அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையின் ஒரே தைரியமான எழுத்து, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆளிடம் சரியாகப் போய்ச் சேர்ந்து, அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எழுதுகிறவனுக்கு இதைவிடக் கேவலம் இல்லை. ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவியும் இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த மனிதர்மீது நிஜமாகவே ஒரு நன்றி வந்துவிட்டது. வந்ததுதான் வினை.

பாராட்டு விழா மடலைக் கிண்டல் இல்லாமல் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். இமயம் வேண்டாம், 'றதே' வேண்டாம். மனிதர் செய்ததை மட்டும் மனசாரச் சொல்வோம். மனைவியிடமே கேட்டேன், அந்த ஊருக்கு அவர் என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று. அவளும் நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த ஊர்ப் பொதுமக்கள் சார்பிலேயே எழுதினேன்.

"ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்கள் வந்த பிறகு எங்கள் ஊர் விலக்குக்குக் காலையில் ஒரு பஸ் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. தண்ணீரும் வரும் என்று நம்புகிறோம். நன்றி."

எழுதி முடித்தபோது கண் லேசாகக் கலங்கியது. அத்தனை சுத்தமாக நான் எழுதியதே இல்லை.

இந்த விழாவுக்கு நானும் போனேன், மூன்றாவது வரிசையில். மடல் வாசிக்கிறவர் மைக்கைத் தட்டிவிட்டு, "ஐயா அவர்களுக்கு வணக்கம்" என்றார். அடுத்து அடைமொழி வரும் என்று கூட்டம் கையை எடுத்துத் தயாராக வைத்திருந்தது. வரவில்லை. "ஒரு பஸ் வந்தது" என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல், "ஒண்ணே ஒண்ணு!" சிரிப்பு. "கூரை வந்தது" என்றதும், "செவுரு எப்ப வருமாம்?" மறுபடி சிரிப்பு. வாசிக்கிறவருக்கு வியர்த்தது. "தண்ணீரும் வரும் என்று நம்புகிறோம்" என்று அவர் முடிப்பதற்குள் விசில். பந்தல் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் அடித்து, "எவன்டா எழுதுனது? நாக்குல வெசம் வச்சிருக்கான்டா!" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்.

மேடையில் சேர்மன் சிரிக்கவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவரே அச்சகத்துக்கு வந்தார். முதலாளி ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். சேர்மன் அவரை டீ சொல்லி அனுப்பிவிட்டு என்னை எதிரே நிற்க வைத்தார். நான் பேச ஆரம்பித்தேன். நிஜமாகவே நன்றியோடுதான் எழுதினேன், ஒரு வார்த்தைகூடக் கிண்டல் இல்லை, பிள்ளை மீது சத்தியம் என்றேன். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பது ஞாபகம் வந்து, பிறக்கப்போகிற பிள்ளை மீது என்று திருத்தினேன். புரூஃப் பார்க்கிற புத்தி.

"தெரியும்ப்பா" என்றார்.

"என்னங்கய்யா?"

"இத நீ நெசமாத்தான் எழுதியிருக்க. மொதல்ல எழுதுனதுதான் நக்கலு."

முதலாளி வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன்.

"அடிபம்பு மூச்சு வாங்குனா என்னான்னு எனக்குத் தெரியாதா? நானும் காத்தடிச்சு காத்தடிச்சுத்தான் தண்ணி குடிச்சு வளந்தவன்."

"அப்ப ஏங்கய்யா கண்ணாடி போட்டு..."

"ஊரு கை தட்டுச்சு. கை தட்டுனா அது பாராட்டுதான். நீ உள்ளுக்குள்ள என்ன நெனச்சு எழுதுனங்கிறத வச்சு நான் என்ன செய்ய? நேத்து சிரிச்சுப்புட்டாக. சிரிச்சா அது நக்கலுதான். நீ அழுதுக்கிட்டே எழுதியிருந்தாலும் நக்கலுதான்."

டீ வந்தது. அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்திருந்தார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துச் செவுருக்குப் பூமி பூஜை. எல்லாரும் வருவாக. பழையபடி ஒண்ணு போடு. ஒன் வீட்டம்மா ஆர்டரு என் சட்டப் பையிலதான் இருக்கு."

அவர் போன பிறகு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு 'றதே'யும் வரவில்லை. கோபம் இருந்தபோது பன்னிரண்டு வந்தது. இப்போது பயமும் நன்றியும் டிராக்டர் சக்கரத்துக் கரியும்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு எப்படித் தூக்கிப் போடுவது? பாதி நாள் போய்விட்டது. கம்பாசிட்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, முக்கிக்கிட்டே இருக்க?"

சொன்னேன்.

"பழையபடிதான வேணும்? பழசே கெடக்கே. இன்னும் கலைக்கல. நூலைச் சுத்திக் கட்டி அப்படியே மூலையில வச்சிருக்கேன்."

அச்சடித்து முடித்ததும் ஈய எழுத்துகளைக் கலைத்து அதனதன் குழியில் போட வேண்டும். சோம்பலில் அவர் போடவில்லை. றகரம் போதவில்லை என்று சடைத்துக்கொண்டே மற்ற வேலைகளை ஓட்டியிருக்கிறார். தூசி தட்டித் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். மேல் வரியில் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவை எடுத்துவிட்டுப் பள்ளிச் சுவர் பூமி பூஜை என்று மாற்றினோம். மற்றபடி ஒரு கால், ஒரு கொம்பு மாற்றவில்லை. ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். புரூஃப் பார்த்தேன். கண்மாயில் தண்ணீர் அஞ்சியது, மழை வேறு ஊர் போனது, பஸ் தவழ்ந்தது, அடிபம்பு மூச்சு வாங்கியது. போன தடவை ஒவ்வொரு வரியும் அவரைக் குத்துவதற்காக. இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் அவர் காலில் விழுவதற்காக. ஈயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பிழை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கை தட்டினார்கள். திங்கட்கிழமை ஆர்டர் வந்தது.

புதுப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முதல் நாள் போய்விட்டு வெயில் இருக்கும்போதே திரும்பி வந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பதிலா அந்த ஊருக்கு ஒரு பொம்பளப் பிள்ளையப் போட்டிருக்காக" என்றாள். "போன வருசந்தான் அதுக்குக் கல்யாணம் ஆச்சாம்."

எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். அதை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

துணுக்கு எழுதுவது தானாகக் குறைந்துபோனது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. தலைவர்கள் மாதிரியே குரல் மாற்றிப் பேசிக் காட்டுகிறவர்கள் வந்தார்கள். கிண்டலடிக்கப்படுகிற பெரிய மனிதர்களே முன்வரிசையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கேமரா பேசுகிறவனை விட்டுவிட்டு அவர்கள் சிரிப்பதைத்தான் காட்டியது. தெருவில் எல்லாரும், "எம்புட்டுப் பெருந்தன்மை பாத்தியா!" என்றார்கள். எனக்குச் சேர்மன் வீட்டுக் கண்ணாடிச் சட்டம்தான் ஞாபகம் வரும். அங்கதம் எதற்கு என்று யாராவது கேட்டால், அநீதியைச் சுடுவதற்கு என்று ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன். இப்போது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்ட அந்த இரண்டு பெண்களுக்காக என்று வேண்டுமானால் சொல்வேன். அவர்களுக்குப் புரிந்தது. புரிந்து அவர்கள் என்ன செய்தார்கள்? குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குத்தான் போனார்கள்.

மூன்றாவது வகை எது என்று சொல்ல விட்டுவிட்டேன். வைய வேண்டியவரை வைவதற்காக எழுதியதை, அவரே நம்மிடம் கேட்டு வாங்கி, தன் புகழாக மேடையில் வாசிக்கவைப்பது. இலக்கணத்தில் அதற்குப் பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் மடல் என்பார்கள்.

கொஞ்ச வருஷம் முன்பு சேர்மன் பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டி வந்தது. பதவி போய் நாளாகிவிட்டது. டிராக்டரையும் காணோம். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். சுவரில் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டின் தலையிலும் பிளாஸ்டிக் மாலை சுற்றி, மேல் வரி மறைந்திருந்தது.

"இதுல எதுப்பா மொதல்ல எழுதுனது?" என்று கேட்டார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கமும் அடிபம்பு, அந்தப் பக்கமும் அடிபம்பு. எது கோபத்தில் எழுதியது, எது காலில் விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. இடது பக்கம் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் மாலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "தப்பு" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னேன். மாலையை விலக்கியதை நடித்தே காட்டினேன். அவள் பருப்பு புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஊருக்குத் தண்ணி வந்துருச்சாமா?"

"தெரியலயே. கேக்கல."

முறத்தை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டு நேரம் உக்காந்திருந்தீகள்ல" என்றாள். "அத ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."